பத்துக் காலடியில் ஒரு பேனா ரோச்

கனடாவிலிருந்து வந்திருந்த தம்பியின் மகள் போன மாதம் என் கையில் ஒரு சின்ன ரோச் லைற்றைத் தந்தாள். நடுவிரல் நீளம்கூட இல்லை. "மாமி, இது ஒவ்வொரு நாளும் கையோடை கொண்டு திரியிறதுக்கெண்டே செய்தது. வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. நல்லமெண்டால் அப்பாவுக்கும் ஒண்டு எடுக்கப்போறன்" என்றாள். எங்கள் குடும்பத்தில் ரோச் வாங்குகிற எவரும் என்னைக் கேட்காமல் வாங்குவதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் விசர் என்பது கொழும்பிலிருந்து ரொறொன்ரோ வரை தெரிந்த விஷயம்.

இரண்டு கிழமை வைத்துப் பார்த்தேன். கைப்பைக்குள் போட்டுக்கொண்டு அச்சுவேலிச் சந்தைக்குப் போனேன், பஸ்ஸில் போனேன், குசினி அலுமாரிக்குப் பின்னால் விழுந்த கரண்டியைத் தேடினேன். பாரம் இல்லை. கொழுவி இறுக்கமாக இருக்கிறது, சேட் பொக்கற்றில் கொழுவினால் குனிந்தாலும் விழாது. பொத்தான் கொஞ்சம் கடினம். அது குறையல்ல, மெதுவான பொத்தான் என்றால் பைக்குள் தானே பற்றிக்கொண்டு கிடக்கும். மூன்று விதமாக எரிகிறது. ஆகக் கூடினது கண்ணைப் பறிக்கும், ஆனால் ஐந்து நிமிஷத்தில் கை சுடும், அது விளையாட்டுக்குத்தான். ஆகக் குறைந்ததுதான் மனிசருக்கு. பூட்டுத் துவாரம் தெரியும், படி தெரியும், பக்கத்தில் படுத்திருப்பவர் எழும்பமாட்டார். போனுக்குச் சார்ஜ் போடுகிற வயரையே இதற்கும் கொழுவலாம். ஒரேயொரு குறை, வெளிச்சம் நடுவிலே குவிகிறது, ஓரத்தில் இருட்டு. நடக்கிறவருக்கு ஓரமும் தெரியவேண்டும்.

கடைசியாக, உள்ளறையின் யன்னலைச் சாத்தி, சுவரிலே ஒரு கலண்டர் தாளைக் குத்தி, பத்துக் காலடி பின்னால் வந்து நின்று அடித்துப் பார்த்தேன். அடியிலிருந்த பொடி எழுத்துவரை வாசிக்க முடிந்தது. பாஸ்.

"ஏன் மாமி கலண்டர்? ஏன் பத்து?" என்று பிள்ளை கேட்டாள்.

"அது உன்ரை அப்பப்பான்ரை முறை" என்று சொல்லிவிட்டு தேத்தண்ணி போடப் போய்விட்டேன். அவளுக்கு அதற்கு மேலே சொன்னால் விளங்காது. உங்களுக்கு விளங்கும். ஐம்பதை எட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிற என் வயதுக்காரருக்கு, பற்றறி என்ற சொல்லைக் கேட்டாலே வேறு ஒரு காலம் ஞாபகம் வரும். அதனால் உங்களுக்குச் சொல்லுகிறேன். இது என் சின்னம்மாவுக்குக் கண் போன கதை. அதிலே எனக்கும் பங்கு உண்டு. இவ்வளவு காலமும் அதை ஒருவருக்கும் சொல்லாமல் இருந்ததுதான் அதைவிடப் பெரிய பிழை என்று போன கிழமைதான் தெரிந்தது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சண்டையால் தெல்லிப்பழையில் இருந்த வீட்டை விட்டு வந்து, அச்சுவேலியில் ஒரு தோட்டக்காரர் இருக்கத் தந்த வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், ஐந்து வயதுத் தம்பி, அம்மாவின் தங்கை சின்னம்மா. கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து விளக்குக் கொளுத்தினது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து டைனமோவில் றேடியோக் கேட்டது, எல்லாம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் பக்கத்துக்குப் பற்றறி கொண்டுவர அரசாங்கம் தடை போட்டிருந்தது. செத்த பற்றறியைக்கூட எறியாமல் வெயிலில் காயவைத்தும், அடுப்புச் சாம்பலில் சூடாக்கியும், அடியில் ஓட்டை போட்டு உப்புத்தண்ணி விட்டும் உயிர் கொடுக்கப் பார்த்தோமே. எங்கள் ஒழுங்கையில் மதில்களின் மேலே பற்றறிகள் வரிசையாக வெயில் காயும், பக்கத்தில் வடகமும் காயும்.

அப்படிப்பட்ட நேரத்தில் அப்பாவிடம் ஒரு பேனா ரோச் இருந்தது. முந்தி வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ கொடுத்தது. வெள்ளி நிறம், பேனாவைவிடக் கொஞ்சம் மொத்தம், தலையில் சின்னக் கண்ணாடி. சிறிய பற்றறி இரண்டு போகும். போட்டிருந்த இரண்டுதான், வேறு இல்லை. அப்பா அதைச் சேட் பொக்கற்றில் கொழுவிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவார், கோயிலுக்குப் போவார், தோட்டத்துக்குப் போவார். ஆனால் எரிக்கமாட்டார். எரிப்பது ஒரேயொரு காரியத்துக்கு மட்டும். விமானச் சத்தம் கேட்டால் நாங்கள் ஓடிப்போய் இறங்குகிற பங்கருக்குள் பாம்பு கிடக்கிறதா என்று ஒருதரம் அடித்துப் பார்ப்பார். ஒருதரம் கிடந்தது. விரியன், மண்மூட்டைக்குப் பக்கத்தில். அன்றைக்கு ரோச் இல்லாவிட்டால் முதலில் இறங்கவிருந்த அம்மா அதை மிதித்திருப்பா. அதற்குப் பிறகு வீட்டில் எங்கள் ஐந்து பேருக்கும் அடுத்த ஆள் அந்த ரோச்தான்.

அப்பா கணக்கு வாத்தியார். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டார். தேவை வருகிற நேரத்தில் ரோச் எரியாமல் விட்டால் என்ன செய்வது? அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வேதக்கோயிலால் வந்து சாப்பிட்ட பிறகு ரோச்சுக்குச் சோதனை நடக்கும். வீட்டுக்காரரின் புகையிலைக் கொட்டில் வளவின் கோடியில் இருந்தது. அந்தமுறைப் புகையிலை விற்றாகிவிட்டது, கொட்டில் நீளத்துக்கு வெறுமையாகக் கிடந்தது. யன்னல் இல்லை. கதவைச் சாத்தினால் மத்தியானத்திலும் கும்மிருட்டு. புகையிலை போனாலும் அதன் காரம் போகவில்லை, உள்ளே போனவுடன் ஒருதரம் தும்மித்தான் ஆகவேண்டும்.

ஒரு பக்கத்துச் சுவரில் கலண்டர் தாள் ஒன்றைக் குத்தவேண்டும், அது என் வேலை. எங்கள் கலண்டர் நாளுக்கொரு தாளாகக் கிழிக்கிற வேதவசனக் கலண்டர். புதுக் கலண்டர் வர வழியில்லாததால் போன வருஷத்தது. மேலே பெரிய எழுத்தில் திகதி, கீழே சின்ன எழுத்தில் அன்றைக்குரிய வசனம். அப்பா கட்டின் நடுவிலிருந்து கண்டபாட்டுக்கு ஒரு தாளை உருவித் தருவார். நான் குத்திவிட்டு வந்து கதவைச் சாத்துவேன். அப்பா பத்துக் காலடி அளந்து நின்று ரோச்சை அடிப்பார். வசனத்தை வாசிப்பது சின்னம்மா.

அப்பாவால் வாசிக்க முடியாது. அவருடைய கண்ணாடியில் ஒரு பக்கம் உடைந்துபோய், புதிதாகப் போட வழியில்லாமல் ஒற்றைக் கண்ணாடியோடு திரிந்தார். அம்மா "கண்டறியாத சோதினை, எனக்குச் சட்டி பானை கழுவக் கிடக்கு" என்று வரமாட்டா. என்னை வாசிக்கவிட அப்பாவுக்கு விருப்பமில்லை. "பிள்ளையள் ரோச்சிலை ஆசைப்பட்டுப் பொய் சொல்லுங்கள்" என்பார். அதிலே அவர் பிழையில்லை.

"எங்கை ரீச்சர், வாசியும் பாப்பம்" என்பார் சின்னம்மாவைப் பார்த்து.

சின்னம்மாவுக்கு அப்போது இருபத்தைந்து. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. சம்பளம் என்று ஒன்று கிடையாது, ஒருநாள் நிரந்தர நியமனம் வரும் என்ற நம்பிக்கையில்தான் எல்லாத் தொண்டர் ஆசிரியர்களும் படிப்பித்தார்கள். சின்னம்மாவின் பெயர் பட்டியலில் வந்துவிட்டது என்றும், வைத்தியச் சான்றிதழ் கொடுத்தால் கடிதம் வரும் என்றும் அந்த நாட்களில்தான் கதை வந்தது. அதனால் அவ நல்ல சந்தோஷத்தில் இருந்தா. எப்போதும் எதையாவது பாடிக்கொண்டே இருப்பா. சீலைக்கு ஊசி குத்தும்போது ஊசியை வாயில் வைத்துக்கொண்டும் பாடுவா.

அவவுக்கு இன்னொரு பெருமை இருந்தது. ஞாயிறு பாடசாலையில் வசனம் மனனம் செய்கிற போட்டியில் பத்து வருஷம் தொடர்ந்து முதற்பரிசு. எந்த வசனத்தின் முதல் இரண்டு சொல்லைச் சொன்னாலும் மிச்சம் தானாக வரும். அப்பா, கணக்கு வாத்தியார், எல்லாவற்றையும் அளந்து பார்க்கிற மனிதர், இப்படிப்பட்ட ஆளைக் கொண்டு வேதவசனத்தை வாசிப்பித்து வெளிச்சத்தை அளந்தார். அது என்ன சோதனை என்று அவருக்குத் தோன்றவில்லை. எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இனி என் திருட்டுக்கு வருகிறேன். பங்கரின் மூலையில், மண்மூட்டைகளுக்குப் பின்னால், ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. மூன்று குட்டி. பகலிலும் அந்த மூலை இருட்டு. அப்பா பின்னேரம் கிணற்றடிக்குக் குளிக்கப் போகும்போது சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுப் போவார். நான் ரோச்சை உருவிக்கொண்டு ஓடிப்போய், பனங்குற்றிகளின் இடைவெளியால் அடித்து, குட்டிகள் பால் குடிக்கிறதைப் பார்ப்பேன். கண் திறக்காத குட்டிகள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கால் கொண்டு தாயை அமுக்கி அமுக்கிக் குடிக்கும். கிணற்றுத் துலாக் கயிற்றின் சத்தம் நிற்கும்வரை பார்க்கலாம், நின்றால் ஓடிவந்து பொக்கற்றில் கொழுவவேண்டும். இப்போது கணக்குப் பார்த்தால் நான் எரித்த வெளிச்சம் எல்லாம் சேர்த்தாலும் கால் மணித்தியாலம் வராது. அன்றைக்கு அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது.

சோளகக் காற்று வீசத் தொடங்கின ஒரு ஞாயிறு, கொட்டிலுக்குள் சின்னம்மா உடனே வாசிக்கவில்லை.

"அத்தான், கொஞ்சம் கிட்டப் போவம்."

எட்டில் நின்று வாசித்தா. அடுத்த கிழமை ஆறு. அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் கதவடிக்கு ஒதுங்கினேன். பற்றறிகளைக் கழற்றித் துடைத்தார், முழு நாளும் வெயிலில் வைத்தார், சாம்பலில் சூடாக்கினார். அதற்கடுத்த கிழமையும் ஆறுதான்.

"பற்றறி இறங்குது" என்றார் அப்பா. "நான் எரிக்கிறேல்லை. அப்ப ஆரோ கை வைக்கினம்."

"இஞ்சருங்கோ, அது பழசாப் போச்சுது. அதுக்கு ஆரைப் பிடிச்சு விசாரிக்கிறது?" என்றா அம்மா.

"பழசெண்டால் மெல்ல மெல்ல இறங்கும். இது மாசத்துக்குள்ளை பாதியாப் போச்சு. பாம்பு கிடக்கேக்கை இது எரியாட்டில் ஆர் போறது? நீரோ, பிள்ளையளோ?" அப்பா என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். "எடுத்த ஆள் இப்ப சொன்னால் நான் ஒண்டும் சொல்லமாட்டன். நானாக் கண்டுபிடிச்சனெண்டால் பிறகு என்னோடை கதைக்கத் தேவையில்லை."

அப்பா அடிக்கிறவர் அல்ல. அடித்தால் ஒரு நாளில் ஆறிவிடும். கதைக்காமல் விடுவார், அதுதான் பயம். ஒருமுறை அம்மாவின் தம்பியோடு நான்கு வருஷம் கதைக்காமல் இருந்தவர். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ரோச்சைத் தொடவும் இல்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு வெளிச்சம் இன்னும் குறைந்திருந்தால் நான் பிடிபட்டேன் என்றே நம்பினேன். என்னாலே பாம்பு கடித்து அம்மா சாகப்போகிறா என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிறு தாளைக் குத்திவிட்டுத் திரும்பி வரும்போது, சின்னம்மாவுக்கு அருகால்தான் கதவுக்குப் போகவேண்டும். போகிறபோக்கில் வசனத்தின் முதல் இரண்டு சொல்லை வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனேன். அவவுக்கு மட்டும் கேட்கத்தக்கதாக.

கதவைச் சாத்தினேன். அப்பா பத்துக் காலடியில் நின்று அடித்தார். பிறகு சின்னம்மா தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, முழு வசனத்தையும் வாசித்தா.

"பாத்தியளே!" அப்பா சின்னப் பிள்ளைபோலத் துள்ளினார். "வெயிலிலை வைச்சது வேலை செய்திருக்கு! நான் சொன்னனான்தானே!" அன்றைக்குப் பின்னேரமே ஒழுங்கை முழுக்கப் போய், பற்றறியை எந்தப் பக்கம் சரித்து எத்தனை மணித்தியாலம் காயவைக்கவேண்டும் என்று பாடம் எடுத்தார். அடுத்தநாள் மதில்களெல்லாம் பற்றறி. அம்மா சிரித்துச் சிரித்து அலுத்துப்போனா.

கொட்டிலால் வெளியே வரும்போது சின்னம்மா என் கையைப் பிடித்து ஒருதரம் இறுக்கினா. நான் நினைத்தேன், நான் ரோச் திருடினது அவவுக்குத் தெரியும், என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறா என்று. அந்த நன்றியில் அவவுக்குத் தலை வாரி இழுத்துவிட்டேன், சப்பாத்துத் துடைத்துவிட்டேன். அவ என்ன நினைத்தா என்று நான் யோசிக்கவில்லை. ஏன் நான் சொல்லிக்கொடுக்கவேண்டி வந்தது, இந்த வெளிச்சத்தில் அவவுக்கு ஏன் தெரியவில்லை, ஒருதரம் நானே பத்துக் காலடியில் நின்று பார்ப்போமே என்றுகூடத் தோன்றவில்லை. நான்தான் வெளிச்சத்தைத் தின்றுவிட்டேன் என்பதில் அவ்வளவு நிச்சயம் எனக்கு.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு சொல். ஒவ்வொரு ஞாயிறும் பத்துக் காலடி. ரோச் பாஸ்.

இடையில் எத்தனை நடந்தது. சின்னம்மா தேத்தண்ணியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினா. "நியமனம் வரப்போகுதெண்டு கனவிலை நடக்கிறாள்" என்று அம்மா பேசினா. கோயில் வாசலில் போதகரின் மனைவி சிரித்தபோது பார்க்காததுபோலப் போனா. "ரீச்சருக்கு இப்பவே தலைக்கனம் வந்திட்டுது" என்று ஊரில் கதைத்தார்கள், அது எங்கள் காதுக்கும் வந்தது, அம்மா அதற்கும் அவவை ஏசினா. வாசல் நிலையில் தோள் அடிபட்டு நீலமாகக் கண்டிப்போய்க் கிடந்தது. நான் படித்ததும் அவவின் பள்ளிக்கூடத்தில்தான், அங்கிருந்து வரச் சுணங்கினால் "பிள்ளை, நீயும் என்னோடை வாவன், தனியப் போக அலுப்பாக் கிடக்கு" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போவா. ஒழுங்கையில் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டே நடப்பா. எனக்கு அது பெரிய பெருமை. வயதுக்கு வந்த பெண்ணைப்போல என்னை நடத்துகிறா என்று நினைத்தேன். என் மடைத்தனத்தை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஒருநாள் கொழும்பால் வந்த ஒருவர் அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி கொண்டுவந்து கொடுத்தார். அது ஒரு சனிக்கிழமை. ஞாயிறு சாப்பிட்ட கையோடு அப்பா கொட்டிலுக்கு வந்துவிட்டார். கலண்டர் தாளை அவரே குத்தினார். பத்துக் காலடியில் நின்று தானே வாசித்தார். பிறகு பன்னிரண்டு. பிறகு பின்சுவரில் முதுகு முட்டும்வரை போய், அங்கே நின்றும் வாசித்தார்.

"அட! இது புதுசு மாதிரியெல்லே எரியுது! ஒரு பழுதும் இல்லை. ஆரும் கை வைக்கவும் இல்லை, ஒண்டும் இல்லை."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நான் கொல்லவில்லை, பற்றறி சாகவில்லை. கதவடியில் நின்று சிரித்தேன்.

அப்பாவுக்கும் சந்தோஷத்தில் நல்ல புளுகம். பொக்கற்றிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார், யாரோ மாணவனின் கணக்குத் தாள். அதைச் சுவரில் குத்தினார். "எங்கை ரீச்சர், வசனம் வாசிச்சு அலுத்துப்போச்சுது. இந்தப் பொடியன்ரை கையெழுத்தை வாசியும் பாப்பம்."

சின்னம்மா முகத்தைத் திருப்பி என் பக்கம் பார்த்தா, பார்த்த இடத்தில் நான் இல்லை. நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். கணக்குத் தாளுக்கு என்ன முதல் சொல்? என்னிடம் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

"என்ன, விளங்கேல்லையோ? கிட்டப் போம்" என்றார் அப்பா சிரித்துக்கொண்டு.

சின்னம்மா நடந்தா. ஆறைத் தாண்டினா, நான்கைத் தாண்டினா. கையை முன்னுக்கு நீட்டியிருந்தா. அப்பா ரோச்சைத் தாளுக்கு நேராகத்தான் பிடித்திருந்தார், வெளிச்சம் அங்கேதான் இருந்தது. ஆனால் அவ அதற்கு ஒரு முழம் இடப்பக்கம், வெறும் சுவரில் போய்க் கையை வைத்தா. வைத்துக்கொண்டு அப்படியே நின்று அழத் தொடங்கினா. அப்பா ரோச்சை அணைக்கவும் மறந்து அவவிடம் ஓட, வெளிச்சம் சுவரெல்லாம் ஆடியது.

அடுத்தநாள் அப்பா அவவைச் சைக்கிளில் இருத்திப் பட்டணத்துக்குக் கண் டாக்குத்தரிடம் கொண்டுபோனார். கண்ணுக்குள்ளே அழுத்தம் கூடி நரம்பைத் தின்றுவிட்டது என்று டாக்குத்தர் சொன்னாராம். வலது கண் முழுக்கப் போய்விட்டது, இடதில் கொஞ்சம் மிச்சம். தொடக்கத்திலே வந்திருந்தால் மருந்து விட்டுத் தடுத்திருக்கலாம், போனது போனதுதான். "எப்ப தொடக்கம் இப்பிடி?" என்று அவர் கேட்டதற்கு, சின்னம்மா "இப்ப ரெண்டு கிழமையா" என்றாவாம். சான்றிதழில் கண் பழுதென்று எழுதினால் நியமனம் போய்விடும் என்ற பயம் அவவுக்கு அந்தக் கதிரையிலும் போகவில்லை. நியமனம் இல்லையென்ற கடிதம் இரண்டு மாதத்தால் வந்தது. அம்மா வாசித்துச் சொல்ல, சின்னம்மா வாங்கி நாலாக மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்தா. இரண்டு வருஷத்துக்குள் இடது கண்ணும் போனது. அதற்குப் பிறகு அவ பாடி நான் கேட்கவில்லை.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அப்பாவும் அந்த ஞாயிறுகளைப் பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை. பிறகு எத்தனையோ இடம்பெயர்ந்தோம், கொடிகாமத்துப் பக்கம் கொஞ்சக்காலம் இருந்தோம், திரும்பி வந்தோம். தம்பி வெளிநாடு போனான். அம்மா போய்ச் சேர்ந்தா, ஐந்து வருஷத்தால் அப்பாவும். சின்னம்மா என்னோடுதான் இருக்கிறா. அறுபது வந்துவிட்டது. வீட்டுக்குள் என்னைவிட வேகமாக நடப்பா.

போன கிழமை பிரஷர் மருந்து எடுக்க அவவைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நம்பர் எடுத்துவிட்டு மர வாங்கில் இருந்தோம். நல்ல சனம். தம்பி மகளின் ரோச்சைச் சோதித்ததிலிருந்து என் மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அந்தச் சனத்துக்குள் இருந்துதான் சொல்லத் தைரியம் வந்தது.

"சின்னம்மா, கொட்டிலுக்குள்ளை நான் உங்களுக்கு வசனம் சொல்லித் தந்தனான் எல்லே? ஏன் சொல்லித் தந்தனான் எண்டு தெரியுமே?"

"ஏன் தெரியாது?" என்றா உடனே. "எனக்குக் கண் தெரியேல்லை எண்டு உனக்கு மட்டும்தான் தெரிஞ்சது. பாவம் பாத்துத்தானே சொன்னனி. ஒரு சின்னப் பிள்ளையைப் பொய்க்காரியாக்கிப் போட்டன் எண்டு நான் அழாத நாளில்லை."

ஆனாலும் சொன்னேன். பூனைக்குட்டியைச் சொன்னேன். சேட் பொக்கற்றைச் சொன்னேன். பற்றறியை நான்தான் முடித்தேன் என்று நினைத்ததையும், அப்பா என்னோடு கதைக்காமல் விட்டுவிடுவார் என்ற பயத்தில், என்னைக் காப்பாற்றத்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பதையும், அவவுடைய கண்ணைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பதையும் சொன்னேன்.

பக்கத்தில் ஒரு குழந்தை வீரிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. நம்பர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"உனக்குத் தெரியாதோ?"

"தெரியாது சின்னம்மா."

"பாவம் பாத்துச் சொல்லேல்லையோ?"

"இல்லை."

அவவுக்குக் கோபம் வந்ததை நான் வாழ்நாளில் இரண்டோ மூன்று தரம்தான் கண்டிருக்கிறேன். முகம் கறுத்துப்போனது. "இதை ஏனடி இப்ப சொல்லுறாய்?" என்றா. "முந்திச் சொல்லக் கூடாதே? அத்தான் இருக்கேக்கை சொல்லக் கூடாதே?"

"பயம் சின்னம்மா."

"உனக்குப் பயம்." மடியில் கிடந்த மருந்துக் கொப்பியை இரண்டு கையாலும் சுருட்டினா, விரித்தா, திரும்பச் சுருட்டினா. "அத்தான்ரை கடைசிக் கிழமை, ஆஸ்பத்திரியிலை, நீ சாப்பாடு எடுக்க வீட்டை போயிருந்தனி. அத்தான் கட்டிலிலை கிடந்துகொண்டு என்ரை கையைப் பிடிச்சவர். 'ரீச்சர், நான்தான் உம்முடைய கண்ணைக் கெடுத்தனான். மூண்டு மாசம் பக்கத்திலை நிண்டு லைற் அடிச்சும் எனக்குத் தெரியேல்லை. நான் என்ன மனிசன்? என்ரை பிழைதான், என்ன?' எண்டு கேட்டவர். எனக்கு வாய்வரைக்கும் வந்தது, இல்லை அத்தான், நான்தான் ஒளிச்சனான், பிள்ளை சொல்லித் தந்தது எண்டு. இல்லையெண்டு மட்டும் சொன்னால் 'அப்ப எப்பிடி வாசிச்சனீர்?' எண்டு கேப்பார், அதைச் சொன்னால் உன்னைக் காட்டிக்குடுக்கவேணும். எனக்குப் பாவம் பாத்த பிள்ளையை, சாகக் கிடக்கிற தேப்பனிட்டை எப்பிடியடி நான் காட்டிக்குடுக்கிறது?"

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ஓம் அத்தான், உங்கடை பிழைதான் எண்டு சொன்னனான்."

அப்பா அந்த ‘ஓம்’ என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டுதான் போயிருக்கிறார்.